ஒரு மாதத்துக்குள்

பதாகையில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது:
'அரசியலப்பு: ஒரு திறந்த உரையாடல்'.
ஆரப்பா இந்த அப்பு என்று
வாசலில் சைக்கிளைச் சாத்தியவர் கேட்டார்.
மெல்சியா கறுப்பு மார்க்கர் எடுத்து
இடுக்கில் ஒரு 'மை' செருகினாள்.

ஒட்டுசுட்டான் சங்க மண்டபம்.
மரண உதவிச் சங்கத்தில் இரவல் வாங்கிய
அறுபது கதிரைகள். வந்தவர்கள் இருபத்துமூன்று.
மிச்சத்தை அடுக்கி வைக்க மனமில்லை,
வெறுமையாய் விடவும் வெட்கம்.
கடைசி வரிசையில்
அழைக்காமல் வந்த ஒருவர்
முழங்காலில் கொப்பி வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.
முன்வரிசையில் நான்.
கூட்டக் குறிப்பு என் பொறுப்பு.

யதுகுலன் தொடங்கினான்.
உயிர்வாழும் உரிமை என்று
எங்கள் அரசியலமைப்பில் நேராக ஒரு வரி இல்லை;
வேறோர் உறுப்புரையின் மடிப்புக்குள்ளிருந்து
நீதியரசர்கள் அதைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.
சட்டத்துறை மண்டபத்தில் இதைச் சொன்னபோது
ஒரு சலசலப்பு எழுந்தது.
இங்கே சைக்கிள்காரர் கொட்டாவியை மறைத்தபடி
'அது தெரியும் தம்பி' என்றார்.

மழை பிடித்தது. தகரம் பேசியது.
ஒலிவாங்கி செத்தது.
கத்திக் கத்தி விளக்கினோம்:
அடிப்படை உரிமை மீறப்பட்டால்
உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்,
மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள்.

'எந்த நாளிலிருந்து?'

ஆடைத் தொழிற்சாலைச் சீருடையோடு
வேலை முடிந்து நேரே வந்திருந்தார்.
பெயர் செல்வநிதி. எழுந்து நிற்கவில்லை.
'முக்கால் ஏக்கர். கிணத்தடியில மூண்டு தென்னை.
பன்னிரண்டாம் ஆண்டு முகாமிலயிருந்து திரும்பி வரேக்க
முள்ளுக்கம்பி போட்டிருந்தது.'

யதுகுலன் தயங்கினான். அப்படியென்றால்
அந்த ஒரு மாதம், அக்கா,
அதே ஆண்டிலேயே முடிந்திருக்கும் என்றான்.
குரல் மழைக்குள் போய்விட்டது.
திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது,
அதுதான் கொடுமை.

'இல்லைத் தம்பி. காலமை ஐந்தரை பஸ்.
அந்தக் கம்பியைக் கடந்துதான் போறன்.
பின்னேரம் திரும்பேக்கயும் கடக்கிறன்.
ஒரு நாளைக்கு ரெண்டு தரம் என்ர காணி
எனக்கில்லையெண்டு நடக்குது.
இண்டைக்கும் நடந்தது.
அப்ப ஒரு மாசம் இண்டைக்குத்தானே தொடங்கும்?'

சென்ற தவணை, நான்காம் கேள்வி:
தொடர் மீறல், ஆராய்க.
எட்டுப் பக்கம் எழுதி
நாற்பத்தொரு புள்ளி வாங்கியவள் நான்.
பக்கத்தில் மெல்சியா முணுமுணுத்தாள்,
கோட்பாட்டை யாரும் இவவுக்குச் சொல்லிக் குடுக்கேல்லை.
சொல்லிக் கொடுத்திருந்தால்
இவ்வளவு தெளிவாய் வந்திராது.

ஆனால் அதை வைத்து வழக்கு வெல்லலாமா என்று
அவர் கேட்டதற்கு
ஐந்து பேரும் ஐந்து விதமாய் விழுங்கினோம்.
முடியலாம், சட்டத்தரணி வேண்டும்,
கொழும்பு போக வேண்டும், உறுதிப் பத்திரம்...
'உறுதி எரிஞ்சது' என்றார் செல்வநிதி.
பிறகு என் பக்கம் திரும்பி:
'நீதானே எழுதிற பிள்ளை?
நான் கேட்டதைத் திகதி போட்டு எழுது.'

எழுதினேன்.
எட்டிப் பார்த்துச் சரிபார்த்தார்.
'நாளைக்கும் நடக்கும். அந்தத் திகதியையும் போடு.'

அதையும் போட்டேன். இதற்கு மேல்
எந்தக் கூட்டக் குறிப்பிலும் நடக்காத ஒன்று.

கலைந்தபோது பணிஸ் மிஞ்சியிருந்தது.
மழை விட்டபாடில்லை.
கதிரைகளை நாங்கள் அடுக்க,
கடைசி வரிசைக்காரர் ஒரு கை கொடுத்தார்.
பிறகு கொப்பியை விரித்து
எழுத்துக்கூட்டிய தமிழில் என்னிடம் கேட்டார்:
'தங்கச்சி, அந்த அக்கா என்ன வருசம் சொன்னது?'

பன்னிரண்டு என்றேன்.
தன் மொழியில் குறித்துக்கொண்டார்.
மேலே திகதி இருந்தது, இன்றையது.
அவரும் மறக்கவில்லை.

மாங்குளம் போகும் பேருந்தில்
அழுக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்
தேடினேன். கம்பி ஒரே நீளமாய் ஓடியது.
மூன்று தென்னை நின்ற இடங்கள்
பல இருந்தன.